இரண்டாவது பிரிண்ட்

இல்லம்மா, மேல வைக்க வேண்டாம். மடியிலயே இருக்கட்டும். கண்ணாடி போட்ட படம். இந்த டிரைவர் ஓட்டுற ஓட்டுக்கு மேல வெச்சா சுக்குநூறாயிரும். உங்க முழங்கையில இடிக்குதா? இந்தா, இப்படித் திருப்பி வெச்சுக்கிறேன். நீங்க திருச்சி வரைக்கும்தானே? நானும் சத்திரம் பஸ் ஸ்டாண்டுதான்.

சாமி படம் இல்லம்மா. எல்லாரும் அப்படித்தான் கேக்குறாங்க. கண்டக்டர் கூட 'எந்தச் சாமிம்மா?'ன்னு கேட்டுட்டு லக்கேஜ் போடாம விட்டுட்டான். நானும் வாயைத் திறக்கல. இது ஒரு மனுசனோட படம். இறந்து போனவரு. எனக்குச் சொந்தமெல்லாம் கிடையாது. அவரு வீட்டுல கொடுக்கத்தான் காலையில திருச்சியிலேருந்து தூக்கிட்டு வந்தேன். வாங்க மாட்டேன்னுட்டாங்க. திரும்பத் தூக்கிட்டுப் போறேன்.

ஏன் வாங்கலையா? சொல்றேன். சொன்னா என்ன, நாளைக்கே என்னைத் தேடிக்கிட்டா வரப் போறீங்க.

நான் இன்சூரன்ஸ் ஆபீஸ்ல வேலை பார்த்தவ. வேதவல்லின்னு பேரு. ரிட்டையர் ஆனதும் வீட்டுல இருப்புக் கொள்ளல. எங்க வீட்டுக்காரர் டிவியை விட்டு அசைய மாட்டாரு. அப்பத்தான் கண்டோன்மென்ட்ல ஒரு மாடியில கறுப்பு வெள்ளை போட்டோ கிளாஸ்னு போர்டைப் பார்த்தேன். போன்ல எடுக்குறதில்லம்மா. பிலிம் போட்டு எடுத்து, இருட்டு ரூம்ல நாமளே கழுவி, நாமளே பிரிண்ட் போடணும். சொல்லிக் கொடுத்தது பெனிட்டான்னு ஒரு பொண்ணு. எம் பொண்ணை விடச் சின்னவ. வாயைத் திறந்தா, "மேடம், அவசரப்படாதீங்க"ம்பா. எனக்குச் சுருக்குன்னு வரும். ஆபீஸ்ல என்னை ஒருத்தர் அப்படிச் சொன்னதில்ல. சுறுசுறுப்புன்னுதான் சொல்லுவாங்க.

கிளாஸ் முடியுறப்ப கடைசியா ஒரு வேலை கொடுத்தா. முன்னப்பின்னத் தெரியாத ஒருத்தரை, அவங்க வேலை செய்யுற இடத்துல, அங்க இருக்குற வெளிச்சத்துலயே எடுக்கணும். பிளாஷ் கிடையாது. நல்லதா ஒண்ணைப் பெருசா பிரிண்ட் போட்டு கிளாஸ்ல வைக்கணும். இன்னொரு பிரிண்ட் போட்டு, படத்துல இருக்குறவங்க கையிலயே கொண்டு போய்க் கொடுக்கணும். "கொடுத்தாத்தான் மேடம் வேலை முடிஞ்சதா அர்த்தம்"னா. ரெண்டு பிரிண்ட். அவ்வளவுதான் விசயம்.

கூடப் படிச்சவங்க எல்லாம் காந்தி மார்க்கெட்டுக்கு ஓடினாங்க. எல்லாரும் எடுக்குறதை நான் எதுக்கு எடுக்கணும்? பஸ் ஏறித் தொட்டியம் பக்கம் வந்தேன். இப்ப நான் ஏறினேன் பாருங்க, அந்த ஸ்டாப்புக்குப் பின்னாடி ஒரு வாழை இலை மண்டி. வாசல் ஓரமா உட்கார்ந்து ஒருத்தர் இலைக்கட்டு கட்டிக்கிட்டு இருந்தாரு. வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, நல்ல கறுப்பு முகம், கதவு வழியா பக்கவாட்டுல வெயில். எனக்குக் கை பரபரத்துச்சு.

பேரு பெரியண்ணன். போட்டோ எடுத்துக்கட்டுமான்னேன். "நம்மளையா? நம்மளை எடுத்தா மிசினு ரிப்பேராயிருங்கம்மா"ன்னாரு. முன்பல்லு ஒண்ணு கிடையாது அவருக்கு. அதனால போட்டோன்னாலே வாயை இறுக்கிக்கிட்டு முறைப்பாராம். அவரு காட்டின ஆதார் அட்டையில பார்த்தா யாரையோ அடிக்கப் போற மாதிரி இருப்பாரு. நான் பாட்டுக்குக் கேமராவைத் திருகிக்கிட்டே இருந்தேன். வெளிச்சம் அளக்கணும், போகஸ் பார்க்கணும், எனக்கு அப்பத்தானே பழக்கம். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துட்டு, "அம்மா, நீங்க எடுத்து முடிக்கிறதுக்குள்ள இலையெல்லாம் வாடிரும், கல்யாண வீட்டுக்காரன் வந்து என்னையத்தான் ஒதைப்பான்"னு சொல்லிட்டு, தான் சொன்னதுக்குத் தானே சிரிச்சாரு பாருங்க! அந்தப் பல்லு போன ஓட்டை தெரிய, கண்ணு ரெண்டும் சுருங்கி. அதைப் பிடிச்சுட்டேன்.

இருட்டு ரூம்ல சிவப்பு லைட்டு ஒண்ணுதான் எரியும். மருந்துத் தண்ணிக்குள்ள வெறும் வெள்ளைப் பேப்பர் கிடக்கும், பார்த்துக்கிட்டே இருக்கும்போது மெள்ள மெள்ள முகம் வரும். அவரு சிரிச்சுக்கிட்டே வந்தாரும்மா. எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துருச்சு. என் கைக்கு இப்படி ஒண்ணு வரும்னு நான் நினைச்சதே இல்ல.

அந்த வந்த முகம் நிலைச்சு நிக்கணும்னா, ஹைப்போன்னு ஒரு மருந்துல ஊறப் போடணும். அப்புறம் ஓடுற தண்ணியில ரொம்ப நேரம் அலசணும். அதைச் சரியாப் பண்ணலேன்னா என்ன ஆகும்னா, அன்னிக்குப் பார்க்க நல்லாத்தான் இருக்கும். ஆனா வெளிச்சம் படப் பட, வெள்ளையா இருக்குற இடமெல்லாம் கறுக்க ஆரம்பிச்சுரும். பெனிட்டா இதைப் படிச்சுப் படிச்சுச் சொன்னா. முதல் பிரிண்டை அப்படித்தான் பண்ணினேன். பச்சப்புள்ளையைக் குளிப்பாட்டுற மாதிரி அலசினேன்.

ரெண்டாவது பிரிண்ட் போடும்போது நேரமாயிருச்சு. அன்னிக்குன்னு பார்த்துச் சம்பந்தி வீட்டுலேருந்து வர்றாங்க. எங்க வீட்டுக்காரர் போன் மேல போன். காபி டிக்காஷன் போடத் தெரியாத மனுசன். ஹைப்போ வேற, காலையிலேருந்து ஆளாளுக்கு முக்கி முக்கி வீரியமே இல்லாமக் கிடந்துச்சு. "புதுசு கலந்துக்கங்க மேடம்"னா. அதுக்கு யாரு உட்கார்ந்திருப்பா? ஒரு முக்கு முக்கினேன், ஒரு அலசு அலசினேன், துடைச்சுக் கவர்ல போட்டேன். கேட்டா, ஹைப்போ கலந்து வைக்க வேண்டியது அவங்க பொறுப்பு. பீஸ் வாங்குறாங்கல்ல?

மண்டியில உட்கார்ந்து இலை கட்டுறவருக்கு இதெல்லாம் என்ன தெரியப் போகுதுன்னு நான் நினைக்கலம்மா. நான் அப்படிப்பட்ட ஆள் கிடையாது.

கொடுக்கப் போனப்ப, கையில இலை ஈரம் இருக்குன்னு ரெண்டு கையையும் துண்டுல துடைச்சு, மறுபடியும் வேட்டியில துடைச்சு, அப்புறம்தான் வாங்கினாரு. பார்த்துட்டு, "எம் பொண்டாட்டி இதை நம்ப மாட்டா, நான் சிரிச்சு அவ பார்த்ததில்லே"ன்னாரு. ஒரு கட்டுத் தலைவாழை இலை கொடுத்தாரு, காசை வாங்கவே மாட்டேன்னுட்டாரு. நான் படத்துக்குப் பின்னாடி பெருமையா என் பேரும் போன் நம்பரும் எழுதிக் கொடுத்துட்டு வந்தேன்.

இங்க கிளாஸ்ல எல்லாரும் என் படத்து முன்னாடியேதான் நின்னாங்க. "கொடுத்துட்டீங்களா மேடம்?"னு பெனிட்டா கேட்டா. "கொடுத்துட்டேனே"ன்னேன். பொய்யா? கொடுத்தேனா இல்லையா? அந்த நல்ல பிரிண்டைத் தேக்கு பிரேம் போட்டு எங்க ஹால்ல மாட்டினேன். வீட்டுக்கு வர்றவங்க எல்லாம், "நீங்களா எடுத்தீங்க!"ம்பாங்க. பேங்க்ல பெரிய வேலை பார்த்த எங்க அண்ணி, எதையும் நல்லாருக்குன்னு சொல்லாதவ, அவளே நின்னு பார்த்தா. அப்புறம் பெனிட்டா கல்யாணமாகி குவைத் போயிட்டா, கிளாஸை மூடிட்டாங்க. நெகட்டிவெல்லாம் அவகிட்டயே எங்கயோ போச்சு. அதனால இந்த ரெண்டு பிரிண்டுதான் உலகத்துலயே.

பங்குனி மாசம் ஒரு நாள் போன் வந்துச்சு. அவரு மகன். "அம்மா, அப்பா தவறிட்டாருங்க. மண்டியிலயே நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுந்துட்டாரு. நீங்க எடுத்த படத்தைத்தான் பெட்டியிலேருந்து எடுத்து மாட்டியிருக்கோம். காரியத்துக்கு வரணும்"னான். போனேன். வாசல்லயே நாற்காலி போட்டு உட்கார வெச்சாங்க. 'படம் எடுத்த அம்மா, படம் எடுத்த அம்மா'ன்னு எல்லாரும் வந்து வந்து பார்த்தாங்க. பந்தியில என்னை முதல் இலையில உட்கார வெச்சாங்க. சாவு வீட்டுல நான் பூரிச்சுப் போய் உட்கார்ந்திருந்தேன்மா. சொல்ல வெக்கமா இருக்கு.

அவரு சம்சாரம் பேரு நல்லம்மா. என்னை விட ரெண்டு மூணு வயசு கூட இருக்கும், அக்கான்னு கூப்பிடுவேன். என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "வீட்டுல இருக்குற படத்துல எல்லாம் முறைக்கிறாருங்கம்மா. இது ஒண்ணுலதான் என்னையப் பார்த்துச் சிரிக்கிறாரு"ன்னாங்க. படத்துக்குச் சந்தனம் குங்குமம் வெச்சு, மாலை போட்டு, முன்னாடி ஒரு சின்னச் சிவப்பு பல்பு. நம்ம வீடுகள்ல வைக்கிறதுதானே. ராப்பகலா எரியும், அணைக்கக் கூடாதும்பாங்க.

கொஞ்ச நாள் கழிச்சு அக்கா போன் பண்ணினாங்க. "ஏங்கம்மா, அவரு மொகம் கொஞ்சம் மங்குற மாதிரி இருக்குதுங்க. சட்டை பழுப்பாத் தெரியுது. என் கண்ணுதான் போச்சா?"ன்னாங்க. அப்பவே தெரிஞ்சு போச்சு எனக்கு. சொல்லியிருக்கலாம். ஆனா வாயில என்ன வந்துச்சு தெரியுமா? "வெளிச்சம் பத்தாதுக்கா. அந்தச் சிவப்பு பல்பு எந்த மூலைக்கு? வெள்ளையா பெரிய பல்பாப் போடச் சொல்லுங்க"ன்னேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்னு இன்னி வரைக்கும் தெரியலம்மா. சிவப்பு வெளிச்சம் ஒண்ணுதான் அந்தப் பேப்பரை அவ்வளவாத் தொடாது. அதுக்குத்தானே இருட்டு ரூம்லயே அதைப் போட்டிருக்காங்க. அந்தச் சிவப்பு பல்பு அது பாட்டுக்கு அவரைக் காப்பாத்திக்கிட்டு இருந்துச்சு. நான் வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருந்தாக்கூட இன்னும் கொஞ்ச காலம் ஓடியிருக்கும். படிச்சவ சொல்றாளேன்னு அன்னிக்குச் சாயங்காலமே பல்பை மாத்திட்டாங்க.

ஆடி மாசம் தொட்டியம் கோயிலுக்கு வந்தப்ப எட்டிப் பார்த்தேன். ஐயோ, அதைப் பார்த்திருக்கக் கூடாது. சட்டையெல்லாம் காபி கொட்டின மாதிரி. கன்னம் எது, வாய் எதுன்னு தெரியல. சிரிப்பு சுத்தமா இல்ல. இருட்டுக்குள்ள யாரோ நின்னு பார்க்குற மாதிரி ரெண்டு கண்ணு மட்டும் தெரியுது. முன்னாடி அந்த வெள்ளை பல்பு பளீர்னு எரியுது.

நல்லம்மா அக்கா என்னை உள்ள கூட்டிட்டுப் போய்க் கதவைச் சாத்தினாங்க. மருமகளுக்குக் கேக்கக் கூடாதாம். "வெளிச்சமெல்லாம் இல்லைங்கம்மா. எனக்குத் தெரியும் இது என்னன்னு. அவரு விழுந்த அன்னிக்குக் காலையில மேலெல்லாம் வலிக்குது, வெந்நி வெச்சுத் தான்னாரு. எனக்கு ஆயிரம் சோலி. எனக்கென்ன பத்துக் கையா இருக்குதுன்னு கத்துனேன். பச்சத் தண்ணியை எடுத்து ஊத்திக்கிட்டு, கஞ்சி கூடக் குடிக்காமப் போனாரு. போனவருதான். அந்தக் கோவம் இன்னும் தீரலீங்கம்மா. மொகத்தைத் திருப்பிக்கிட்டுப் போறாரு"ன்னு சொல்லிட்டு அழுவுறாங்க.

நான் பக்கத்துல உட்கார்ந்து முதுகைத் தடவி விட்டேன். "அப்படியெல்லாம் இருக்காதுக்கா"ன்னேன். என்ன ஒரு ஆறுதல் பாருங்க! ஒரே ஒரு வார்த்தை, 'நான் சரியாக் கழுவலக்கா'ன்னு ஒரு வார்த்தை, அது வரல. படம் எடுத்த அம்மான்னு அந்த மருமகப் பொண்ணு எனக்குப் பால் காபி கொண்டு வந்து வைக்குது. அதைக் குடிச்சுட்டு வந்துட்டேன்.

அதுக்கப்புறம் வீட்டுல சோறு இறங்கல. ஹால்ல நிமிர்ந்தா இவரு சிரிக்கிறாரு. எங்க வீட்டுக்காரர் ஒரு நாள், "அந்த ஆளை ஏன் இப்படிப் பார்க்குற? கொண்டு போய்க் கொடுத்துரு. அந்த ஆணியில காலண்டர் மாட்டிக்கலாம்"னாரு. அவருக்கு எல்லாமே காலண்டர்தான். ஆனா நானும் யோசிச்சேன். நல்ல பிரிண்டையே கொடுத்துருவோம், அதைவிட என்ன வேணும், சரியாப் போயிரும்னு. மனசே இல்லாமத்தான் கழட்டினேன். செவுத்துல அந்த இடம் மட்டும் வெள்ளையாத் தெரியுது. இன்னிக்குக் காலையில எடுத்துட்டு வந்தேன்.

பிரிச்சுக் காட்டினதும் அக்கா கிட்ட வந்தாங்க. கண்ணாடி மேல கையை வெச்சு, அந்தப் பல்லு இல்லாத இடத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாங்க. நான் பக்கத்துல, பெரிய தானம் பண்றவ மாதிரி, "இனிமே இது உங்களுக்குத்தான்க்கா"ங்குறேன். அவங்க என்ன சொன்னாங்க தெரியுமா? "வேண்டாங்கம்மா. இங்க வந்தா இவரும் கறுத்துருவாரு. உங்க வீட்டுல சிரிச்சுக்கிட்டு இருக்காருல்ல, அங்கயே இருக்கட்டும். என்கூட இருக்கத்தான் அவருக்குப் பிடிக்கல. வருசத்துக்கு ஒருக்கா திதி அன்னிக்கு நான் வந்து பார்த்துக்கிறேன், அதுக்கு மட்டும் விடுங்க"ன்னாங்க.

எவ்வளவோ சொன்னேன். தேக்கு பிரேம்க்கா, நல்ல கண்ணாடிக்கான்னு என்னென்னமோ சொன்னேன். சொல்ல வேண்டியதைத் தவிர எல்லாத்தையும் சொன்னேன். அவங்களே படத்தைப் பேப்பர்ல சுத்தி நூல் போட்டுக் கட்டி, வாழை இலையில புளிசாதம் மடிச்சுக் கொடுத்து, ஸ்டாப்பு வரைக்கும் வந்து ஏத்தி விட்டாங்க. இந்தக் கூடையிலதான் இருக்கு. தொடவே கை வரல.

நினைச்சேன்மா. அப்பவே சொன்னேன்ல, நினைக்கலன்னு. அது பொய். ரெண்டாவது பிரிண்டை ஹைப்போவுல முக்கி எடுக்கும்போது, இவருக்கு என்ன தெரியப் போகுதுன்னுதான் நினைச்சேன். அந்த வார்த்தை அப்படியே மனசுல ஓடுச்சு. சம்பந்தி வந்தது, மருந்து வீரியம் போனது, அதெல்லாம் அப்புறம் சேர்த்துக்கிட்டது.

பாருங்க, உங்ககிட்ட எவ்வளவு சுளுவாச் சொல்லிட்டேன்! உங்க பேரு கூட எனக்குத் தெரியாது. உங்ககிட்ட சொன்னா எனக்கு என்ன போச்சு? அதான் வருது. அங்க சொன்னா அந்த முதல் இலை போயிருமே, படம் எடுத்த அம்மா போயிருமே. அதுக்காக ஒரு பொம்பளையைப் புருசன் கோவத்துலயே செத்தான்னு நினைச்சுக்கிட்டு உட்கார விட்டுட்டு வந்திருக்கேன். என்ன ஜென்மம்மா நானு?

இருங்க, போன் அடிக்குது. அட, அக்காதான்.

ஹலோ. ஆங், அக்கா. பஸ்ஸுலதான் இருக்கேன். உட்கார இடம் கிடைச்சிருச்சு. முசிறி வரப் போகுது. இனிமேத்தான் சாப்பிடணும். என்னது? எதுக்குக்கா? இன்னொரு பல்பா? இல்லக்கா, அது... நான் போனதும் மனசு கேக்காம இன்னொரு பல்பு போட்டீங்களா? எரியுதா இப்ப?

அக்கா. அக்கா, நான் சொல்றதைக் கேளுங்க. முதல்ல ரெண்டு லைட்டையும் அணைங்க. அணைச்சா ஒண்ணும் ஆகாதுக்கா, போய் அணைங்க. நான் லைன்ல இருக்கேன்.

அணைச்சிட்டீங்களா? அக்கா, அந்த லைட்டாலதான்க்கா அவரு கறுக்குறாரு. இல்ல, அவரு ஒண்ணும் பண்ணல. நீங்களும் ஒண்ணும் பண்ணல. நான்தான். அந்தப் படத்தை மருந்துல ஊறப் போட்டுக் கழுவணும்க்கா. எனக்கு வச்சுக்கிட்டதைக் கழுவினேன். உங்களுக்குக் கொடுத்ததைக் கழுவல. அவசரத்துல இல்லக்கா. போதும்னு விட்டுட்டேன். பல்பை மாத்தச் சொன்னதும் தெரிஞ்சுக்கிட்டேதான் சொன்னேன். திட்டுங்கக்கா. ஏதாச்சும் பேசுங்க. அக்கா?



ஆங், அக்கா, சொல்லுங்க.

ஐயோ, என்னைத் திட்டவே இல்லம்மா அவங்க. 'அப்ப அவருக்கு எம்மேல கோவம் இல்லீங்களா?'ன்னு கேக்குறாங்க. அதை மட்டும்தான் கேக்குறாங்க.

இல்லக்கா. இல்லவே இல்ல. இந்தா என் மடியிலதானே இருக்காரு, சிரிச்சுக்கிட்டுத்தான் இருக்காரு. சத்தியமாக்கா. என்ன... ஆமா, நான் முன்னாடி சொன்னதெல்லாம் பொய்தான். எப்படி நம்புவீங்க.

ஏம்மா, இந்த நூலைக் கொஞ்சம் அவுருங்க. எனக்கு ஒரு கையில போன் இருக்கு. பேப்பர் கிழிஞ்சா கிழியட்டும். தம்பி, கண்டக்டர் தம்பி, முசிறியில எனக்கு இறக்கம். ஆமா, திருச்சி டிக்கெட்தான், போகட்டும், நான் திரும்பிப் போகணும். இந்தாங்கம்மா, போனைப் பிடிங்க. அவங்க நல்லம்மா அக்கா. நான் சொன்னா இனிமே நம்ப மாட்டாங்க. நீங்க மூணாவது மனுசி. படத்தை நல்லாப் பார்த்து, அவரு சிரிக்கிறாருன்னு நீங்க சொல்லுங்க.